முதலில் புறப்படும் வண்டி

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் அத்தை தினமும் வேண்டிக்கொள்கிறாள். நானும் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டீங்களா மாமா" என்பாய். நான் "ஆச்சும்மா" என்பேன். "மாத்திரை போட்டீங்களா" என்பாய். அதற்கும் "ஆச்சு" என்பேன். அதற்குப் பிறகு நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்கும், நான் விடுவது உனக்குக் கேட்கும். அந்த வழியாக இந்த விஷயம் நுழையாது. அதனால்தான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். டிப்போவில் ஸ்டியரிங் பிடித்த அளவுக்கு நான் பேனா பிடித்ததில்லை.

முதலில் வீட்டுச் செய்திகள். உன் அத்தைக்குக் கண்ணாடி மாற்றினோம். உன் நாத்தனார் சின்னவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலேயே பாதி விலைக்குக் கிடைத்தது. புதுக் கண்ணாடியைப் போட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழசே பரவாயில்லை என்கிறாள். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது இடம் விட்டு இடம் நடக்கிறது. அடியில் அட்டை வைத்திருக்கிறேன். என் மகன் இன்னும் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்தான். இன்னும் இரண்டு பாக்கெட்தான் கொண்டுவருகிறான். ஒன்று போதும் என்று யாரும் சொல்வதில்லை. ரொட்டி தின்று தின்று எனக்கு நாக்குச் செத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். கையில் டேப், கழுத்தில் அடையாள அட்டை. எதிர் வீட்டுப் பல் டாக்டர் புகார் கொடுத்திருக்கிறார். நம் வீட்டு வண்டிகள் இரண்டு தெருவிலேயே நிற்கின்றனவாம், அவரிடம் வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லையாம். மனுஷன் சொன்னதில் பொய் இல்லை. பல்வலியோடு வருகிறவன் எங்கேயோ நிறுத்திவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நம் முற்றத்தின் அமைப்பு உனக்குத் தெரியும். நீளமே தவிர அகலம் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வண்டி நிற்கும். அவள் பார்த்தது என்னவென்றால், கடைசியில் சுவரோரம் என் பழைய வண்டி. கேட்டை ஒட்டி உன் வெள்ளை வண்டி. நடுவில் இரண்டு வண்டி நிற்கிற இடம் சும்மா கிடக்கிறது. அந்த இரண்டு வண்டியும் வெளியே தெருவில் நிற்கின்றன. "உள்ளதான் இடம் இருக்கே சார், ஏன் வெளிய விட்டிருக்கீங்க" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இத்தனை மாதத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்காத கேள்வியும் அதுதான்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். டிப்போவில் என் வேலையே சாயங்காலம் திரும்பும் பஸ்களை வரிசை கட்டி நிறுத்துவது. காலையில் முதலில் புறப்படும் பஸ் கடைசியாக உள்ளே வந்து கேட் ஓரம் நிற்க வேண்டும். அது தெரியாமல் நிறுத்தினால் விடியற்காலையில் ஊரே நின்றுவிடும். அதைத்தான் வீட்டிலும் செய்தேன். ஆஸ்பத்திரியில் உனக்கு விடிவதற்கு முன்னால் ஷிப்ட். ஆகவே நீ கேட் ஓரம். நீ வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் திருப்பும்போது அவன் தொழிற்சாலையிலிருந்து வந்து எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பான். கண்ணாடியை இறக்கி, சூடு ஆறாத ஒரு பாக்கெட் ரொட்டியை உன் ஜன்னலில் நீட்டுவான். நீ வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்புவாய். நீ விட்ட இடத்தில் அவன் வண்டி நுழையும். பகலில் சின்னவள் கடைக்குப் போக வழி வேண்டும் என்றால் அவன் வண்டியை நான் நகர்த்திக் கொடுப்பேன். சாவிகள் எல்லாம் ஆணியில் தொங்கும். யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. உன் அத்தைதான் ஒருநாள் சொன்னாள், "ரெண்டும் ஒரு வீட்லதான் இருக்கு, ஒரு ரொட்டிப் பாக்கெட் நேரம்தான் பாத்துக்குது." நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ புறப்பட்ட அன்று டாக்ஸி வந்தது. மூன்று மாத வேலை, அந்த ஊரில் வண்டி நிறுத்த இடமில்லை, ரயிலில் போகிறேன் என்றாய். எல்லாம் சரிதான். நீ போன பிறகு அவன் வந்தான். அந்த வாரத்தில் நீ போகப்போகிறாய் என்று அவனுக்குத் தெரியும், என்றைக்கு என்று தெரிந்திருந்ததோ இல்லையோ. உன் வண்டி கேட் ஓரம் நிற்பதைப் பார்த்துவிட்டு வழக்கம்போலத் தெருவில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தான், நீ வெளியே எடுப்பாய் என்று. நான் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்சம் விட்டுப் போய்ச் சொன்னேன், அவ டாக்ஸில ஸ்டேஷன் போய்ட்டாப்பா என்று. சரி என்றான். அங்கேயே எஞ்சினை அணைத்தான். இறங்கி ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அன்றிலிருந்து அவன் வண்டிக்கு அந்த இடம்தான்.

சின்னவளின் வண்டி அப்போது ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. அது ரிப்பேர் முடிந்து வந்த அன்று அவள் கேட்டைப் பார்த்தாள், அண்ணன் வண்டியைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். என் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. ரிட்டயரான டிப்போக்காரனுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆகவே எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உன் வண்டியின் சாவி ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்து நகர்த்தினால் ஒரு நிமிஷ வேலை. அவன் மனசு என்ன பாடுபடுமோ என்று உன் அத்தை எடுக்க விடவில்லை. அம்மா மனசு என்ன பாடுபடுமோ என்று அவன் எடுக்கவில்லை. நான் ஏன் எடுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மூன்று மாதம்தானே என்று முதலில் இருந்தேன். மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. நீ லீவில்கூட இந்தப் பக்கம் வரவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டில் சண்டை நடந்திருந்தால் சமாதானம் பேச ஒரு முனை கிடைத்திருக்கும். உங்கள் இருவருக்குள் ஒரு தட்டுகூட உடையவில்லை, எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

அந்தப் பெண் சட்டத்தைப் பொறுமையாகத்தான் விளக்கினாள். இந்தத் தெருவில் வீட்டு வண்டி வெளியே நிற்கக் கூடாது. வீட்டுக்குள் மூன்று வண்டி வரைக்கும் யாருடையது என்று கேட்க மாட்டார்கள். நான்காவது வண்டி வேண்டும் என்றால், நான்கு பேர் ஓட்டுகிறவர்களாக அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை அப்புறப்படுத்த வேண்டும். மாதக் கடைசி வரைக்கும் அவகாசம்.

அதற்குப் பிறகு கேட்டாள், "இந்த வெள்ளை வண்டி யாரோடது? அவங்க இங்கதான் இருக்காங்களா?"

நாங்கள் நான்கு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். உன் அத்தை, "வேலைக்குப் போயிருக்கா" என்றாள். அவன், "ஆமா" என்றான். அதே நேரத்தில் சின்னவள், "இல்ல" என்றாள். மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நீங்க சொல்லுங்க சார் என்றாள். நான், "டீ சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

சிரிக்காதே. வாயில் அதுதான் வந்தது.

அவளுக்கு என்ன புரிந்ததோ, டீயைக் குடித்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். இதில் மற்றவர்கள் சொல்வது செல்லாது, வண்டிக்கு உடையவர்தான் குடியிருக்கிறேன் என்றோ இல்லை என்றோ குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ எதைக் குறித்தாலும் இங்கே யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்று எழுத நினைத்தேன். நினைப்போம். ஆனால் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டோம். அது மட்டும் சத்தியம்.

அங்கே குளிர் என்று சின்னவள் போனில் பார்த்துச் சொன்னாள். இரவு ஷிப்ட் வந்தால் வெறும் காபியைக் குடித்து ராத்திரியை ஓட்டாதே. வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் கேட்டிருக்கும்
மாமா


அன்பு மருமகளுக்கு,

ஆசிகள். உன் கவர் வந்து சேர்ந்தது. நன்றி என்று எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய், அதனால் எழுதவில்லை.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. குடியிருக்கிறேன் என்ற கட்டமும் காலி, இல்லை என்ற கட்டமும் காலி. கூட ஒரு துண்டுச் சீட்டில், "எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் மாமா." அவ்வளவுதான். கோபமாக எழுதினாயா, அலுப்பில் எழுதினாயா என்று எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதியிருப்பாய் என்று தோன்றியது. எதுவுமே உறைக்காத நேரம் ஒன்று இருக்குமே, நானும் இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

உன் அத்தை, இருக்கான்னு போடுங்க, அதுல என்ன யோசனை என்றாள். சின்னவள் குறுக்கே வந்து, "அண்ணி போடாதத நீங்க ஏம்ப்பா போடணும்?" என்றாள். அவனிடம் காட்டினேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சாக்ஸ் ஒரு காலில், தாள் ஒரு கையில் என்று வெகுநேரம் பார்த்தான். "கையெழுத்து மாறல" என்றான். உன் பெயருக்கு முன்னால் நீ போடும் எழுத்து இன்னும் அவன் பெயருடையதுதான் என்பதை அதற்குப் பிறகுதான் நான் கவனித்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டு மற்றக் காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். எனக்கு வேறொரு வழி தெரிந்தது. வண்டி நான்கு என்றால்தானே கேள்வி. மூன்று என்றால் யாரும் யாரைப் பற்றியும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. என் வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன். வேண்டாம் என்று போன் செய்யாதே. அது கிழடு, நானும் கிழடு. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

இது உனக்காகச் செய்வதாக நினைக்காதே. உண்மையில் எனக்காகத்தான். அந்தக் கட்டத்தில் என் கையால் எதையும் குறிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
மாமா


அன்பு மருமகளுக்கு,

வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

வண்டியைக் கொடுத்தாகிவிட்டது. வாங்கியவர் ஒரு பிளம்பர். புதிதாகச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறார், குழாய்களைக் கூரையில் கட்டிக்கொண்டு போக ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வந்ததும் வராததுமாக நம் சமையலறைக் குழாயின் சொட்டை நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைப் பார்த்தார். அன்றிலிருந்து உன் அத்தைக்கு அவர்தான் உலகத்திலேயே உத்தமர்.

வண்டியை எடுத்துப் போகக் காலையில் வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வண்டி சுவரோரம், உன் வண்டி கேட் ஓரம். உன்னுடையது வெளியே வராமல் என்னுடையது போகாது. இதை யோசிக்காமல் விலை பேசி, கை கொடுத்து, நாள் குறித்து, எல்லாம் செய்திருக்கிறேன். ஆயுசு முழுவதும் எந்த பஸ்ஸுக்குப் பின்னால் எது நிற்கிறது என்று பார்த்தே சம்பளம் வாங்கியவன் செய்கிற காரியமா இது? டிப்போவில் யாருக்காவது தெரிந்தால் மானம் போகும்.

பிளம்பர், அந்த வெள்ளை வண்டிய எடுத்துட்டா ஆச்சு என்றார். அவருக்கு என்ன தெரியும். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். உன் வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உன் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கிறது, எனக்கே முட்டி இடித்தது. கைத்துண்டு, முகத்தில் பூசுகிற கிரீம், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மலிவுப் பேனா எல்லாம் இருந்த இடத்திலேயே. சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. எவ்வளவு பெரிய பஸ்களை ஒரு சாண் இடைவெளியில் நிறுத்திய கை. திருப்ப மாட்டேன் என்றது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தேன், பஸ் வராத ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பிறகு இறங்கிவிட்டேன். பேட்டரி செத்திருக்கும்ப்பா, இவ்ளோ நாளா ஓடாத வண்டி என்று பிளம்பரிடம் மழுப்பினேன்.

இந்தப் பேச்சுச் சத்தத்தில் அவன் எழுந்து வந்துவிட்டான். வேலை முடிந்து வந்து படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். காலில் செருப்பில்லை, முகத்தில் தலையணை மடிப்பு. பிளம்பரைப் பார்த்தான், என் வண்டியைப் பார்த்தான், என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். கையை நீட்டினான். கொடுத்தேன்.

அவன் உயரம் உனக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கிற பிடியைத் தூக்கிப் பின்னால் தள்ளினால் ஒரு நொடி வேலை. அவன் தள்ளவில்லை. ஒரு காலை நுழைத்து, தலையைச் சாய்த்து, மறு காலை மடக்கி, சின்னப் பிள்ளை சைக்கிளில் உட்கார்ந்த பெரிய ஆள் மாதிரி முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் வந்து நிற்க உட்கார்ந்தான். பின்னால் பார்க்கிற கண்ணாடியையும் திருப்பவில்லை. கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டான். சாவியைத் திருப்பினான்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் திகைத்துவிட்டேன். இத்தனை மாதம் ஓடாத வண்டி எப்படிப் பிடிக்கும்? சின்னவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். நீங்களும் அம்மாவும் மார்க்கெட் போறப்ப. அண்ணன் தூங்கிட்டு இருக்கும்" என்றாள். கவுன்சில் பெண்ணிடம் முகத்தில் அடித்த மாதிரி "இல்ல" என்று சொன்னாளே, அவள்தான். உன் அத்தை அன்றிரவு அவளோடு பேசாமல் சாப்பாடு மட்டும் போட்டாள். அப்படிப்பட்டவள் இப்படிச் செய்திருக்கிறாள்.

அவன் வண்டிக்குள்ளிருந்தே சொன்னான், "தெரியும். மொதல் தடவ சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்து பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். யாரென்று நினைத்து எழுந்து வந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

உன் வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினான். டயரில் காற்று இறங்கியிருந்தது, கொஞ்சம் அலம்பிற்று. என் வண்டி போயிற்று. இன்னொரு தடவை பார்ப்போமா என்று நினைத்தேன், அதற்குள் திருப்பம் வந்து மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டிகளை வரிசை கட்டுகிற வேலை. அவனே செய்தான். முதலில் தன் வண்டியைக் கொண்டுவந்து, என் வண்டி நின்ற இடத்தில் சுவரோரம் விட்டான். அடுத்தது சின்னவளுடையது. கடைசியாக மறுபடியும் அந்த முட்டி இடிக்கிற சீட்டில் ஏறி, உன் வண்டியைக் கேட் ஓரம் கொண்டுவந்து நிறுத்தினான். சாவியை அதே ஆணியில் மாட்டினான். போய்ப் படுத்துக்கொண்டான்.

நீ நர்ஸ், உனக்குக் கணக்குப் புரியும். ஓடாத வண்டியைச் சுவரோரம் விட்டால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. அவன் பாட்டுக்கு வரலாம், போகலாம். டிப்போவுக்கு வந்த முதல் வாரத்துப் பையனுக்குக்கூட அது தெரியும், இவனுக்கும் தெரியும். ஆனால் கேட் ஓரம் வைத்திருக்கிறான். ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் வேலைக்குக் கிளம்பும்போது உன் வண்டியை வெளியே எடுக்கிறான். வழியில் நிற்கும் சின்னவளுடையதையும் எடுத்து, தன் வண்டியை வெளியே விட்டுவிட்டு, அவற்றைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் போகிறான். விடியற்காலையில் வந்ததும் மறுபடி அதே வேலை. அவன் தூங்கும்போது சின்னவளுக்கு வழி வேண்டும் என்றால் அவள் தன் பங்குக்கு நகர்த்திக்கொள்கிறாள், அவளுக்கு உன் சீட் சரியாக இருக்கிறது. ஏன் இப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தெருவே பார்க்கிறது. பல் டாக்டர் ஒருநாள் என்னிடம், உங்க பையன் வண்டி ஓட்டக் கத்துக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கவுன்சில் பெண் மறுபடி வந்தாள். எண்ணிப் பார்த்தாள். மூன்று வண்டி, எல்லாம் உள்ளே, தெரு சுத்தம். சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். போகும்போது உன் வண்டியின் மேல் கையை வைத்து, இது யாரோடது சார் என்று சும்மா கேட்டாள். சட்டத்துக்காக இல்லை, பேச்சுக்காக.

"முதல்ல புறப்படுறவங்களோடதும்மா" என்றேன்.

இந்தத் தடவை அவளே டீ கேட்டு வாங்கிக் குடித்தாள்.

உன் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கட்டங்கள் இரண்டும் நீ அனுப்பிய மாதிரியே இருக்கின்றன. கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் இன்னொருவர் வீட்டில் கிடக்கக் கூடாது, அது மாமனார் வீடாக இருந்தாலும். எது வசதியோ அதைப் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். வசதி என்று பார்த்தால் எதுவும் போடாமல் இருப்பதுதான் எங்களுக்கு வசதி, இத்தனை மாதம் அந்த வசதியில்தான் காலம் தள்ளினோம். இனிமேல் கவுன்சிலும் கேட்காது. யாருமே கேட்க மாட்டார்கள் என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீடு இப்படியே வருஷக்கணக்கில் ஓடிவிடும். எங்களை எனக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்கிறேன். திரும்பி வா என்று கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்க மாட்டேன். உன்னை ஒரு நாளும் நான் மருமகளாக மட்டும் நினைத்ததில்லை. நீ இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை. அதை எழுதிவிட்டேன், ஆனால் அது என் பாடு, உன் தலையில் கட்டுவதற்கு இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம்.

அவனுக்கு முட்டி வலிக்கிறது. சொல்ல மாட்டான். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான், இந்த வயதில். உன் அத்தை தைலம் தேய்க்கப் போனால் ஒன்றுமில்லை என்று காலை இழுத்துக்கொள்கிறான். சீட்டைப் பின்னால் தள்ளிக்கோ என்று அவனிடம் சொல்ல எங்கள் மூவருக்கும் வாய் வரவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். ஒரு வரி எழுதிப் போடு, தள்ளிக்கொள் என்று. நீ சொன்னால் தள்ளிவிடுவான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

அப்படி எழுத மனசு வரவில்லை என்றால் எழுத வேண்டாம். வண்டியை எடுத்துப் போகவோ, விட்டுவைக்கவோ, என்றைக்காவது நீ வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. சாவி ஆணியில் இருக்கிறது. உனக்கு முன்னால் ஒரு வண்டியும் நிற்காது. சீட் உன் அளவில்தான் இருக்கிறது.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அம்மா.

இப்படிக்கு,
உன் மாமா